காகம் வந்தால் மணி அடிக்கும்

நான் இருபத்துமூன்று வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஓமின் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் எழுதுவேன். மின்னோட்டத்தைக் குறைக்கும் தடையியின் நிறக் கோடுகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு தடையியைக் கையில் எடுத்துப் பார்த்தது ஐம்பதாவது வயதில், பக்கத்து வீட்டு அக்காவின் சாப்பாட்டு மேசையில். அது ஒரு நெல்மணியை விடக் கொஞ்சம்தான் பெரிது. குறைந்தது ஒரு சோக்கட்டி அளவாவது இருக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கரும்பலகையில் அந்த அளவில்தான் கீறுவேன்.

சொந்த அக்கா இல்லை. கோண்டாவிலில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் வேலிக்கு அடுத்த வளவு. அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்துக்குப் பயந்து மனையியல் எடுத்தவர். மகள் கல்யாணம் கட்டி லண்டனில் இருந்தாள். அக்காவின் கணவர் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் மின்சாரம் ஆண்களின் சங்கதி. பல்ப் மாற்றுவதற்குக்கூட அக்காவை விடமாட்டார். மோட்டர் சுவிச், மெயின் சுவிச், குளிர்சாதனப் பெட்டியின் பிளக் மூன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டி, சிவப்பு மையால் 'தொடாதே' என்று எழுதியிருப்பார். நல்ல மனிதர், ஆனால் அவருடைய அன்பு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருந்தது.

அவர் மாரடைப்பில் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் வீட்டுக்குப் போன மறுநாள் காலை அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதுவரை வந்து நின்றவர்களில் யாரோ ஒருவர் மோட்டரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது போட ஆளில்லை. அக்கா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், உந்த மோட்டரை ஒருக்கா வந்து பாருங்கோ. நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே."

போய்ப் பார்த்தேன். சுவிச்சில் 'தொடாதே' என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் தொடவில்லை. பலாலி வீதியிலிருந்து ஒரு மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, ஒரு விரலால் அந்தச் சுவிச்சை அமத்தினார். தண்ணீர் வந்தது.

அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

அந்தக் கிழமையே அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அதற்கு முந்தின வருடம் லண்டனிலிருந்து வந்த பேரன் விளையாடிவிட்டு மறந்து விட்டுப்போன பெட்டி. உள்ளே பற்றறி வைக்கும் கூடு, நிற நிறமாய் வயர், சின்னச் சின்ன பல்ப், ஒரு கீச்சு மணி, உள்ளங்கை அளவில் ஒரு மீற்றர், அறுபது சோதனைகளைப் படம் போட்டு விளக்கும் புத்தகம். பெட்டியில் எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று எழுதியிருந்தது.

"நான் மேலைதானே மாஸ்டர்," என்றார் அக்கா.

முதல் சோதனையிலேயே ஒரு சின்ன பல்பைத் தடையி இல்லாமல் பற்றறியில் நேரே கொழுவி எரித்துவிட்டார். தடையி இல்லாவிட்டால் எரியும் என்று நான் சொன்னேன். "ஒண்டு எரிஞ்சதை வைச்சுச் சொல்லேலாது. உந்த பல்ப் முதலே பழுதாயும் இருந்திருக்கலாம்" என்று இரண்டாவதைக் கொழுவினார். அதுவும் போனது. மூன்றாவதும் போனது. மூன்று பிணங்களையும் வரிசையாக வைத்து, "இப்ப நம்பலாம்" என்று கொப்பியில் எழுதினார். முகத்தில் ஒரு துளி கவலை இல்லை. இந்தச் சின்ன பல்புக்கு, அதாவது ஒளிகாலும் இருவாயிக்கு, தடையி அவசியம் என்று நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் எரித்துக் காட்டியதில்லை.

புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் உண்டு. சுற்று வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று படம் போட்டிருக்கும். ஒரு பையன் தலையைச் சொறிகிறான். ஒரு வயரை மட்டும் மாற்றுகிறான், பல்ப் எரியவில்லை. அந்த வயரைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுகிறான். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். அக்கா அந்தப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றியதைத் திருப்பி வைக்கவேண்டும், மூன்று தரம் ஒரே பதில் வந்தால்தான் நம்பவேண்டும். இதை வயரோடு நிறுத்தியிருந்தால் ஒழுங்கையில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

எலுமிச்சையில், எங்கள் ஊர்த் தேசிக்காயில், மின்சாரம் எடுக்கும் சோதனை வந்தது. தேசிக்காய்க்குள் ஒரு துத்தநாகம் பூசிய ஆணியும் ஒரு செப்புக் கம்பியும் குத்தினால் மீற்றரில் முள் ஆடும். மற்றவர்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு ஆணியைக் கழுவி வைப்பார்கள். அக்கா ஆணியையும் கம்பியையும் அப்படியே வைத்துக்கொண்டு தேசிக்காயை மட்டும் மாற்றத் தொடங்கினார். புளிக்கரைசல், மோர், ரசம், வெந்தயக் குழம்பு, பழஞ்சோற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றும் மூன்று தரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார். வாசம் வேலி தாண்டி வந்தது. நானும் மனைவியும் குடிப்பதற்குப் பிலா இலையைக் கோலிக்கொண்டு போனால், மேசையில் நாலு கோப்பை கூழ் வயரால் கட்டுண்டு கிடக்கிறது, நடுவில் ஒரு சிவப்பு பல்ப் மங்கலாய் எரிகிறது.

"பாருங்கோ தங்கச்சி, கூழிலை எரியுது," என்று என் மனைவியிடம் காட்டினார்.

"குடிக்கலாமோ அக்கா?" என்றாள் மனைவி.

"உதைத் தொடாதேங்கோ. பானையிலை ஆணி போடாத கூழ் இருக்கு."

அக்காவின் வாயிலிருந்து 'தொடாதே' வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

எங்கள் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியபோது, கொள்ளளவி, அதுதான் கப்பாசிற்றர், பழுது என்று நான் உடனே சொல்லிவிட்டேன். அது சரியான பதில். ஆனால் விசிறிக்குள் கொள்ளளவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அக்கா வந்தார். முதல் நாள் வேகக் கட்டுப்பாட்டை மாற்றிப் பார்த்தார், இல்லை. அதைப் பழையபடி பூட்டினார். இரண்டாம் நாள் வயர். மூன்றாம் நாள் விசிறியின் இறகுகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். பங்குனி வெக்கையில் எங்கள் வீடு அவிந்தது. ஐந்தாம் நாள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை என் உள்ளங்கையில் வைத்து, "நீங்கள் சொன்ன ஆள் இவர்தான் மாஸ்டர்" என்றார். எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. மனைவிக்கு வேர்க்குருதான் இருந்தது.

கோயில் விசயத்தில்தான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார். முழங்கால் நோவுக்காக மூன்று கோயில்களுக்கு நேர்த்தி வைத்திருந்தார். நோ குறைந்தது. எந்தக் கோயிலால் குறைந்தது என்று தெரியவேண்டாமா? முதலில் பிள்ளையாருக்குப் போவதை நிறுத்தி இரண்டு கிழமை பார்த்தார். பிறகு பிள்ளையாரைத் திருப்பி வைத்து, முருகனை நிறுத்தினார். அம்மன் கோயிலை நிறுத்திய கிழமை ஐயர் எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தி, "அக்காவுக்குச் சுகமில்லையோ?" என்று என்னிடம் விசாரித்தார். சோதனை நடக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்றேன். கடைசியில் மூன்று கோயிலும் இல்லை, கோயில்களுக்கு நடந்து போனதால்தான் நோ குறைந்தது என்று கொப்பியில் எழுதினார். அதனால் மூன்றுக்கும் தவறாமல் போனார், ஐயருக்கும் சந்தோசம்.

இனிக் காகத்துக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது.

வேப்பம்பூ கொட்டும் காலத்தில் அக்கா வடகம் போடுவார். முற்றத்தில் ஓலைப்பாயில் காயவிட்டால் காகம் கொத்திக்கொண்டு போகும். அக்கா பாயின் விளிம்பில் ஈயத்தாளும் பஞ்சுமாக ஏதோ அடுக்கி வைத்தார். காகம் மிதித்தால் பஞ்சு அமர்ந்து இரண்டு ஈயத்தாளும் முட்டி, அடுப்படியில் கீச்சு மணி அடிக்கும். மணி அடித்ததும் அக்கா சுளகோடு ஓடிவந்து முற்றத்தில் சன்னதம் ஆடுவார். காகங்கள் முருங்கை மரத்துக்குப் போகும். பத்து நாளில் ஒரு காகமும் கிட்ட வரவில்லை. இத்தோடு விடுகிற ஆளா? காகம் மணிக்குப் பயந்ததா தனக்குப் பயந்ததா என்று தெரிய, மணியை மட்டும் அடிக்கவிட்டு உள்ளே இருந்தார். காகங்கள் மணி அடிக்க அடிக்க வடகம் தின்றன. பிறகு மணியைக் கழற்றிவிட்டு, தான் மட்டும் வெளியே வந்து சும்மா நின்றார், கையில் சுளகுகூட இல்லாமல். ஒரு காகம் இல்லை. மூன்று தரம். கொப்பியை எனக்கு வாசித்துக் காட்டினார்: 'காகத்துக்கு மணிக்குப் பயமில்லை. எனக்குத்தான் பயம்.'

இருவரும் சிரித்தோம். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் கணவரின் இரண்டாவது ஆண்டுத் திவசம் வந்தது. கணவரின் தம்பி கொழும்பிலிருந்து முதல் நாளே வந்துவிட்டார். வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருடைய குரலுக்கு இன்னும் தெரியாது. சாப்பாட்டு மேசை முழுக்க வயர், பற்றறி, பிரித்துப் போட்ட ரேடியோ. அக்கா பாயில் இருந்து சாப்பிடுகிறார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. லண்டனில் இருந்த மகளுக்குப் படம் பிடித்து அனுப்பிவிட்டு என்னையும் கூப்பிட்டார். படித்தவன் சாட்சிக்கு வேண்டுமாம்.

"மச்சாள், தனிய இருக்கிற நீங்கள் உந்தக் கறண்டு விளையாட்டு விளையாடி வீட்டை எரிக்கப் போறியள். பிள்ளையும் பயப்பிடுறாள். ஒண்டில் உந்த மேசையைத் துப்பரவாக்குங்கோ, இல்லாட்டில் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை கொழும்புக்கு வாங்கோ."

அக்கா கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசைதான் அவருக்கு எல்லாம் என்று எனக்குத் தெரியும். கணவர் போனபின் காலையில் எழும்புவதற்கு அவரிடம் இருந்த காரணம் அந்த மேசை.

"ரெண்டு வருசமா ஒரு பிழையும் நடக்கேல்லை. என்ரை வேலையாலை ஒரு பிழை நடந்தது எண்டு காட்டுங்கோ, நானே மேசையை வீட்டை விட்டு வெளியிலை எடுத்துப் போடுறன். அப்பிடி ஒண்டும் இல்லையெண்டால் இனி இந்தக் கதை கதைக்கப்படாது," என்றார்.

தம்பி ஒத்துக்கொண்டார். நான் சாட்சி.

மறுநாள் திவசம். ஐயர் வந்து காரியங்களை முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இனிக் காகத்துக்கு வைத்து, அது சாப்பிட்டபின்தான் நாங்கள் சாப்பிடலாம். அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். யாரும் வெயிலில் நின்று காகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கிணற்றுக் கட்டின்மேல் ஒரு பலகை, அதன்மேல் இலை. காகம் வந்து பலகையில் இருந்தால் அடுப்படியில் மணி அடிக்கும். மணி அடித்தால் பந்தி வைக்கலாம். வடகத்துக்குச் செய்த அதே ஈயத்தாள் வேலைதான்.

பன்னிரண்டு மணிக்கு இலை வைத்தாயிற்று. முருங்கையில் ஏழெட்டுக் காகங்கள் இருந்தன. சோற்றைப் பார்த்தன, எங்களைப் பார்த்தன. இறங்கவில்லை. தம்பி முற்றத்தில் நின்று முகாமையாளர் குரலில் "கா, கா" என்று கூப்பிட்டார். கடன் கேட்டு வந்தவர்களைப்போல காகங்கள் தலையைச் சரித்துக் கேட்டன, அசையவில்லை. அரை மணித்தியாலம் போனது. நீரிழிவு உள்ள ஒரு பெரியப்பா கதிரையில் இருந்தபடி, தனக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று பொதுவாக அறிவித்தார். அவருக்கு மட்டும் என் மனைவி சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள்.

"உந்த வயரைக் கண்டுதான் பயப்பிடுகுது," என்றார் தம்பி. அவருடைய குரலில் சந்தோசம் இருந்தது. "அண்ணைக்கும் உது பிடிக்கேல்லைப் போலை. தொடாதை தொடாதை எண்டு சொன்ன மனிசன்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அக்காவின் முகம் மாறியது. உள்ளே போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "பொறுங்கோ தம்பி. பிழை பிடிப்பம். ஒவ்வொண்டாய்ப் பாப்பம்."

எனக்கு வடகம் ஞாபகம் வந்துவிட்டது. பிழை எங்கே என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் மேசை போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா முதலில் வயரைக் கழற்றினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் நின்றார். காகம் வரவில்லை. "வயரிலை பிழையில்லை" என்று எழுதிவிட்டு வயரைத் திருப்பிக் கொழுவினார்.

"ஏன் திருப்பிப் பூட்டுறியள்?" என்று தம்பி பதறினார்.

"ரெண்டை ஒண்டாய் மாத்தினால் எது பிழையெண்டு தெரியாது தம்பி."

அடுத்தது பலகை. இலையைக் கிணற்றுக் கட்டின்மேல் நேரே வைத்தார். பத்து நிமிடம். இல்லை. பலகை திரும்பி வந்தது. அடுத்தது சாப்பாடு. மேலே ஒரு வடை வைக்கச் சொல்லி யாரோ சொன்னார்கள். வைத்தார். இல்லை. வடை எடுக்கப்பட்டது. அந்த வடை உள்ளே போவதை எல்லாருடைய கண்களும் பின்தொடர்ந்தன.

"இனி ஆக்கள்," என்றார் அக்கா.

முற்றத்தில் பதினொரு பேர் நின்றோம். எல்லாரையும் ஒன்றாக வெளியே அனுப்பலாம் என்று தம்பி கெஞ்சினார். அக்கா அசையவில்லை. ஆட்கள் விசயத்தில் மட்டும் ஒரு சலுகை தந்தார், வெளியே போனவர் திரும்பி வரத் தேவையில்லை. "எந்த ஆள் போனாப்பிறகு காகம் வருகுதெண்டு பாத்தால் காணும்." ஆளுக்கு ஐந்து நிமிடம். முதலில் தம்பியை அனுப்பினார். அவர் வேட்டியோடு ஒழுங்கையில் போய் நின்றார். காகம் வரவில்லை. பிறகு அவருடைய மனைவி. பிறகு பெரியப்பா, கதிரையோடு. ஒவ்வொருவராகப் படலைக்கு வெளியே போய்ச் சேர்ந்தோம். ஒழுங்கையில் சேலையும் வேட்டியுமாக ஒரு கூட்டம் வெயிலில் நிற்பதைக் கண்டு, செத்தவீடு என்று நினைத்து, சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "யார் மோசம் போனது?" என்று மெல்லக் கேட்டார். யாரும் இல்லை, காகம் சாப்பிடவில்லை என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

பேக்கரிப் பாண் விற்கிற முச்சக்கர வண்டி பாட்டோடு வந்து, கூட்டத்தைக் கண்டு எங்கள் முன்னால் நின்றது. கண்ணாடிக்குள் பணிஸ் அடுக்கியிருந்தது. காகம் சாப்பிடாமல் நாங்கள் சாப்பிட ஏலாது. பாட்டு முடிந்து, திரும்பத் தொடங்கி, மறுபடி முடிந்தது. பாண்காரர் இறங்கி வந்து எங்களோடு நின்று வேலியால் எட்டிப் பார்த்தார்.

கடைசியாக நான் வெளியே வந்தேன். படலையைத் தாண்டும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது முற்றத்தில் அக்கா ஒருவர்தான். வேலியில் தகரம் விலகிய இடத்தால் பார்த்தேன். அக்கா காகங்களைப் பார்த்தார். காகங்கள் அக்காவைப் பார்த்தன. ஐந்து நிமிடம் சரியாகப் போனது. அவர் கொப்பியின் பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினார், வாசித்தார், மூடினார். செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வெளியே வந்து படலையைச் சாத்தினார்.

கொளுக்கியைப் போடவில்லை, அதற்குள் அடுப்படி ஜன்னலால் மணி அடித்தது.

எல்லாரும் படலையை நோக்கி ஒரே பாய்ச்சலாய்ப் போனோம். அக்கா குறுக்கே கையை நீட்டினார். "நில்லுங்கோ. திருப்பிப் பாக்கோணும்."

உள்ளே போனார். காகங்கள் எழும்பி முருங்கைக்குப் போயின. வெளியே வந்தார். மணி அடித்தது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. மூன்றாம் தரமும் மணி அடித்தபோது அக்காவின் கண்களில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"பிழை நான்தான் தம்பி. வடகத்துக்கு மணி கட்டி, காகத்தைக் கலைச்சுக் கலைச்சு, என்னைக் கண்டால் வராமல் பண்ணிப்போட்டன். என்ரை வேலையாலை வந்த பிழை. மேசையை வெளியிலை எடுப்பம்."

தம்பிக்கு அந்த வடகக் கதை தெரிய வந்திருக்கவே வழியில்லை. காகம் வந்துவிட்டது, அதோடு எல்லாரும் மறந்து சாப்பிடப் போயிருப்பார்கள். அக்கா சொல்லியிருக்கத் தேவையில்லை. நான் தெரிந்தும் சொல்லவில்லை என்பது வேறு. எனக்கு அழுகை வந்தது. ஒரு விஞ்ஞான ஆசிரியர் ஒழுங்கையில் பாண்காரருக்குப் பக்கத்தில் நின்று அழுவது நன்றாக இராது என்று அடக்கிக்கொண்டேன்.

பந்தி முடிந்தது. தம்பி மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், ஆனால் தலை நிமிரவில்லை. கை கழுவிவிட்டு வந்து அந்த மேசையின் முன்னால் நின்றார். வென்றவருக்குரிய முகம் இல்லை அது.

"நான் சும்மா சொன்னது மச்சாள். இருக்கட்டும்," என்றார்.

"சொன்னால் சொன்னதுதான்," என்றார் அக்கா.

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த மிகச் சில முடிவுகளில் ஒன்று. "எங்கடை அடுப்படிக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு. அங்கை வைப்பம்."

மேசையை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வங்கி முகாமையாளரும் தூக்கினோம். வேலியில் இரண்டு தகரத்தைக் கழற்றி, அதால் எங்கள் வளவுக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு பல்ப் விழுந்தது. தம்பி மேசையை நிலத்தில் வைத்துவிட்டு, குனிந்து தேடி எடுத்து, "இது எரியுமோ?" என்று என்னிடம் கேட்டார். கொழுவிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். இருபத்துமூன்று வருடத்தில் நான் சொன்ன முதல் உருப்படியான பதில் அது என்று நினைக்கிறேன்.

கழற்றிய தகரத்தை யாரும் திருப்பிப் பூட்டவில்லை. அதால்தான் அக்கா தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி முதல் கிழமை என்னோடு கதைக்கவில்லை. இரண்டாம் கிழமை ஈயத்தை உருக்கி வயருக்கு ஈயப்பற்று வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த திவசங்களுக்கு அக்கா தன் முற்றத்தில் நிற்கவில்லை. கிணற்றுக் கட்டிலிருந்து வேலியால் வயரை இழுத்து, மணியை எங்கள் அடுப்படியில் மாட்டியிருந்தார். அங்கே மனைவி இலை வைத்துவிட்டு வருவாள், இங்கே அக்கா மணிக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார். அந்தச் சமயத்தில் அவரோடு யாரும் கதைக்கமாட்டோம். மணி அடித்ததும் எழும்பி, "சரி, பந்தியைப் போடுங்கோ" என்பார். அவ்வளவுதான். கணவர்தான் காகமாக வருகிறார் என்று யாராவது சொன்னால், "காகம் காகம்தான்" என்று வெட்டிவிடுவார்.

போன வருடம் மகள் வந்து லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் இந்த முறை நடந்தும் சரிவரவில்லை. கொப்பியைக் கொண்டுபோனார். மேசையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

இந்த வருடத் திவசத்துக்குப் பூட்டிய வீட்டின் முற்றத்தில் நாங்கள்தான் இலை வைத்தோம். அக்கா போனில் முகம் காட்டி வந்தார். அங்கே காலை, மேலே தடித்த சுவேற்றர். முருங்கை தெரியட்டும் என்று நான் போனை முற்றத்துப் பக்கம் நீட்டினேன்.

"என்ன செய்யிறியள் மாஸ்டர், போனைத் திருப்புங்கோ. என்னைக் கண்டால் வராதுகள். உள்ளுக்குக் கொண்டுபோங்கோ."

போனை எங்கள் அடுப்படிக்குக் கொண்டுபோய் மணிக்கு முன்னால், அவர் வழக்கமாக இருக்கும் அந்தக் கதிரையில் சாத்தி வைத்தேன். மனைவி வேலியடியில் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் கதைக்காமல் இருந்தோம்.

மணி அடித்தது.

போனில் அக்கா குனிந்தபடி இருந்தார். படம் நின்றுவிட்டதோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், வடிவாச் சாப்பிட்டவரோ?"

"ஓம் அக்கா. சாப்பிட்டவர்."

"ஒருக்கா அடிச்சது காணாது," என்றார் அக்கா. "திருப்பி வையுங்கோ."

நான் எழும்பிப் போய் இன்னொரு இலை எடுத்தேன்.